பதினொரு மணி இன்டர்வியூவும் சர்வீஸின் கைவரிசையும்

"கையை எடுங்க! இனிமே அதைத் தொடாதீங்க!"

"நான் தொடாம யாரு தொடுவா, உங்கப்பாவா? லாட்ஜ்ல நெட்டு சரியில்லைன்னா என்கிட்ட எதுக்கு எகிறுற?"

லாட்ஜின் முன்கூடத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே லேப்டாப்பை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தபோது மணி பத்தே முக்கால். அவர் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு வந்த இடம். பதினொன்றுக்கு அவளுக்கு வீடியோவில் இன்டர்வியூ. வீட்டுப் பிளான் வரைகிறவள். எட்டு வருஷம் ஒரு குட்டி ஆபீசில் முதுகு ஒடிந்த பிறகு, இப்போதுதான் வெளியூர்க் கம்பெனி ஒன்று கூப்பிட்டிருந்தது. வரைந்ததையெல்லாம் திரையில் விரித்துக் காட்ட வேண்டும். போனில் காட்டினால் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும்.

புருஷனைத் தெருவில் 'சர்வீஸ்' என்பார்கள். கூப்பிடாத வீட்டுக்கும் போய் டிவியைக் கழற்றிப் போட்டுவிட்டு வருவார். திரும்ப மாட்டுவதற்குத்தான் வேறு ஆள் தேட வேண்டும்.

லேப்டாப்பை நாலு தடவை அணைத்துப் போட்டாயிற்று. பாஸ்வேர்டை அழித்து மறுபடி அடித்தாயிற்று. வைஃபை இணைந்துவிட்டதாகக் காட்டியது, நெட்தான் வரவில்லை.

"உங்க லாட்ஜே டுபாக்கூர்!" என்று கவுன்டர்காரர் மேல் பாய்ந்தார் சர்வீஸ்.

"மத்த ரூம்ல எல்லாம் ஓடுது சார்" என்றார் அவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவளுக்குச் சுருக்கென்றது. தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டாள். போனில் நெட் பறந்தது. லேப்டாப் அதையும் பிடித்துக்கொண்டு ஒன்றையும் திறக்க மறுத்தது. ஆக, லாட்ஜ் மேல் பழியில்லை.

"வீட்டுல இதுல என்ன நோண்டினீங்க?"

"வேகம் வரட்டும்னு ஒரு செட்டிங் போட்டேன். அதுக்கு நன்றி சொல்ல வாய் வரலை உனக்கு."

கவுன்டர்காரர் பேப்பரை மடித்துவிட்டு எழுந்து வந்தார். "ஐபி அட்ரஸைக் கையால போட்டுட்டாரா? அது உங்க வீட்டு நெட்டுக்குத்தாம்மா செல்லும். ஆட்டோமேட்டிக்னு மாத்துங்க, எங்க ரூட்டர் வேற அட்ரஸ் குடுக்கும்."

"எனக்கே பாடம் எடுக்கறியா நீ?" சர்வீஸ் லேப்டாப்பைப் படாரென்று மூடினார். "இன்டர்வியூ போனா போகுது. அந்த ஊருக்கு இப்ப யாரு போகப் போறா?"

"நான் போறேன்" என்றாள்.

சத்தம் போடாமல்தான் சொன்னாள். சர்வீஸின் பிடி தளர்ந்தது. பிடுங்கிக்கொண்டு போய்த் தானே மாற்றினாள். லாட்ஜின் லாகின் பக்கம் திறந்தது. ரூம் நம்பரை அடித்தாள். பத்து ஐம்பத்தெட்டு. கவுன்டருக்குப் பின்னாலிருந்த அறைக்குள் போய் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். வெளியே சர்வீஸ், சொந்தபந்தமெல்லாம் கேட்கும்படி அவள் பரம்பரையையே நாற்பது நிமிஷம் இழுத்தார்.

வேலை கிடைத்தது. அடுத்த மாதமே பள்ளிக்கூடம் போகிற தன் மகளையும் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்குக் குடிபோனாள். அவர் வேண்டுமென்றே செய்தாரா, மேதாவித்தனமா என்று தெருவில் இன்றும் ரெண்டு கட்சி உண்டு. அவளையே கேட்டதற்கு, "எதுவா இருந்தா எனக்கென்ன?" என்று போனை வைத்துவிட்டாள். கவுன்டர்காரரைக் கட்டிக்கொண்டாள் என்பது சுத்தப் பொய். அந்த மனுஷருக்குப் பேரன் இருக்கிறான். வேறொருத்தியைக் கட்டிக்கொண்டது சர்வீஸ்தான், விவாகரத்தான மறு வருஷமே. இப்போது புது மாமனார் வீட்டோடு போய்விட்டார்.