தலையோடு நெத்திலி

லூமுட்டில் ஏறிய படகு பங்கோர் தீவை அடைவதற்குள் பாடத்தை மனத்துக்குள் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். நடுவில் காடு மூடிய மலை, கிழக்குக் கரையில் மீனவர் ஊர்கள், மேற்கில் மணற்கரையும் விடுதிகளும். ஈப்போவில் நான் போகும் சுற்றுலா வழிகாட்டி மாலை வகுப்பில் பேசிக்காட்டச் சொல்லி எனக்குக் கொடுத்திருந்த தீவு அது. நான் கட்டிக்கொள்ள நினைக்கும் யுகேந்திரனின் தீவும் அதுதான். அவன் அம்மா நவமணி அன்றைக்குத்தான் என்னை முதன்முதலாகப் பார்க்கவிருந்தார்.

வீட்டுக்குப் பின்னால் கடலோரம், பாய்களில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. படகிலேயே உப்புநீரில் அவித்துக் கரைசேர்ப்பது. மீதி வேலை வெயிலுடையது. பின்வாசல் கூரையடியில் எனக்கு நாற்காலி போட்டார்கள். கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்த கோப்பையில் தேநீர் வந்தது.

"எங்க தீவப் பத்திப் படிக்கிறீங்களாமே. சொல்லுங்க, கேப்போம்," என்றார் நவமணி.

சொன்னேன். மலாய்க்காரர், சீனர், நம்மவர் என்று எல்லாரையும் சேர்த்தேன். சாயங்காலம் பழத்துண்டுக்கு வரும் இருவாச்சிப் பறவைகள், கடலைப் பார்த்து நிற்கும் காளியம்மன் கோயில் என எதையும் விடவில்லை. ஆண்கள் கடலுக்குப் போகிறார்கள், பெண்கள் மீனை உலர்த்துகிறார்கள் என்று முடித்தேன்.

"நல்லாதான் சொல்றீங்க. டூரிஸ்ட்டு கைதட்டுவான்லா," என்றார். "தட்டிட்டு சாயங்காலம் ஃபெரி ஏறிருவான்."

யுகேந்திரன் சிரித்தான். என்னையும் அந்த ஃபெரியில்தான் ஏற்றிவிட்டாரோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் எழுந்துவிட்டார்.

"யுகா, லூமுட் பக்கம் இருட்டிருச்சு, மழ வருது. செப்பாட், சீக்கிரம் வா."

நானும் ஓடி ஒரு பாயின் முனையைப் பிடித்தேன்.

"நீங்க உக்காருங்கம்மா. சட்டையெல்லாம் கவிச்சி அடிக்கும்."

விடவில்லை. அவர்கள் வீட்டுப் பக்கம் இழுக்க, நான் எதிர்ப்பக்கம் இழுத்தேன். பாய் புரண்டு, பாதி மீன் மணலில் கொட்டியது. அதற்குள் மழையும் பிடித்துக்கொண்டது.

"எரும, தார்ப்பாய எங்கடா வச்ச?" என்று மகனைத்தான் திட்டினார். என்னைப் பார்த்து, "பரவால்லங்கம்மா," என்றார். வீட்டுப் பெண்ணாக இருந்தால் எனக்கும் ஓர் எருமை கிடைத்திருக்கும். ஈரத் தலையோடு அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். தேநீர் ஆறியிருந்தது.

கிளம்பும்போது பிளாஸ்டிக் பை ஒன்றை என் கையில் கொடுத்தார். படகுத்துறைக் கடைகளில் பயணிகள் வாங்கிப்போகும் சுத்தம் செய்த நெத்திலி என்று நினைத்தேன்.

"தேங்க்ஸ் ஆன்ட்டி."

"எதுக்கு தேங்க்ஸு? நீ கொட்டுன மீனுதான். மண்ணு போக அலசி, தலையக் கிள்ளி, ரெண்டா பொளந்து காய வச்சு அடுத்த ஞாயித்துக்கெழம எடுத்துட்டு வா. இன்னொரு தடவ கொட்டுன, அப்பறம் இருக்கு ஒனக்கு."



படகில் பையைத் திறந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைச் சுளித்துவிட்டு வேறு இடம் தேடிப் போனார். முதல் மீனில் தலையோடு பாதி உடலும் வந்துவிட்டது. அடுத்ததை மெதுவாகக் கிள்ளினேன். நகத்தில் மணல் ஏறியது. சன்னலுக்கு வெளியே தீவு மழைக்குள் போயிருந்தது. மடியில் சின்னச் சின்னத் தலைகள் சேர்ந்துகொண்டிருந்தன.