நான்காவது பெயர்

...மூடுபனிக்குப் பயப்படுகிறவர்கள் கண்ணை மட்டும் நம்பிப் பிழைக்கிறவர்கள், கண் போனால் காது இல்லையா, ஊதலின் கயிறு தலைக்கு மேலேயே தொங்குகிறது, ஒரு இழுப்பு இழுத்தால் கரை தானாகவே நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறது. ரக்னா கயிற்றை இழுத்தாள். நீராவிக் கப்பல் ‘வில்லோ’வின் புகைபோக்கியை ஒட்டியிருந்த ஊதல் வெள்ளைக்குள் அலறி ஓய்ந்தது, ஓலே, ஈவர், நில்ஸ், ஹால்வோர், ஆஸ்லாக்... பானைக்குள் பேசியது போன்ற குரல், அது மெக்ராத்தின் மாட்டுக்கொட்டகை, நல்லது, வரவேண்டிய இடத்தில்தான் வருகிறோம். ஒவ்வொரு கரைக்கும் ஒரு குரல். கூழாங்கல் கரை பேசவே பேசாது. டாஸன் முனையின் ஊசியிலைக் காடு கம்பளிக்குள்ளிருந்து இருமுகிறவன் மாதிரி பேசும். மற்ற கேப்டன்கள் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எதிரொலிக்காகக் காத்திருப்பார்கள், ரக்னாவுக்கு அது தேவையில்லை, நார்வேயில் இருக்கும் கணவனின் தம்பிமார் பெயர்களே போதும், ஒரே சீராகச் சொல்லிக்கொண்டு போனால் எந்தப் பெயரில் கரை பதில் சொல்கிறதோ அவ்வளவு தூரம். கணவன் சீவர்ட் கற்றுக்கொடுத்த முறை. அந்தத் தம்பிகளில் ஒருவனைக்கூட அவள் பார்த்ததில்லை, ஆனால் அவர்களைப் பெற்றவள்கூட இத்தனை தடவை அவர்களைக் கூப்பிட்டிருக்கமாட்டாள்.

முன்தளத்தில் சேவல் கூவியது. திருமதி ஹானரன் சந்தைக்குக் கொண்டுபோகும் சேவல், ஏறியதிலிருந்து ஓயவில்லை, வருகிறவர் போகிறவர் காலையெல்லாம் கொத்துகிறது என்று தளத்து ஆள் காப் அதைக் கூண்டோடு கப்பலின் மூக்குப்பக்கம் கொண்டுபோய்க் கட்டிவிட்டான். ஜன்னலுக்குள் தலையை நீட்டி, கேப்டனம்மா, அது டிக்கெட்டும் எடுக்கல, வாயையும் மூடல என்றான். அவள் சிரித்தாள். காலையிலிருந்தே சிரிப்பு வருகிறது. முதல் வெண்பனி விழுந்த காலை, தோணித்துறைப் பலகையெல்லாம் மாவு சலித்தது போல, பாலேடு நிறைந்த கேன்களின் மூடியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளைத் தொப்பி, பிறகு தண்ணீரிலிருந்து மூடுபனி எழுந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டது, துடைக்கட்டும். சுக்கான் சக்கரத்தின் பிடிகள் உள்ளங்கைக்குப் பழகி மழமழவென்று இருக்கின்றன. முதல் வருடம் இந்தத் துறைகளில் எத்தனை பேர், பொம்பளை ஓட்டுற கப்பலா, நான் நடந்தே போறேன் என்றார்கள், இப்போது அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார்கள், தன் கப்பலில் பிறர் தூங்குவதைவிடப் பெரிய மரியாதை உண்டா.

சீவர்ட் மட்டும் இன்று ஏன் துறைவரைக்கும் வந்தான்... வருகிறவனே இல்லை. கப்பலோட்டும் உரிமம் பறிபோனதிலிருந்து மீனைப் புகையில் வாட்டுகிறான், ரொட்டி சுடுகிறான், அவள் கிளம்பும்போது காப்பியை நீட்டிவிட்டு முதுகைக் காட்டிக்கொள்வான். இன்று தொப்பிகூட இல்லாமல் வந்து நின்று, பனி கொட்டியிருக்கு ரக்னா என்றான். தெரியுது, எனக்குக் கண்ணு இருக்கு என்றாள். கொஞ்சம் வெடுக்கென்று சொல்லிவிட்டாள்தான். டாஸன் முனையில வெளிப்பக்கமாச் சுத்திப் போயேன் என்றான் பிறகு, மெதுவாக, பலகையைப் பார்த்துக்கொண்டு. அது பயம், வேறென்ன, அதே முனையில்தானே தன் கப்பல் ‘ஆரா’வைப் பாறைமேல் ஏற்றினான், தச்சன் லுண்ட் தன் கருவிப்பெட்டியை விடமாட்டேன் என்று அதோடு மூழ்கினான், மற்றவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் கரையேறினார்கள். விசாரணையில் சீவர்ட் ஒரே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னான், ஹால்வோர்னு சொல்லும்போதுதான் வந்துச்சு, சரியாத்தான் வந்துச்சு. ஹால்வோரில் வந்தால் தூரம் போதும், தாராளமாகத் திரும்பலாம், நில்ஸில் வந்தால்தான் ஆபத்து. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி, அந்த ஹால்வோரைச் சாட்சிக்குக் கூப்பிடலாமா என்று கேட்டார், கூடமே சிரித்தது. ரக்னா சிரிக்கவில்லை. கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எல்லோரையும் ஒரு படகில் அந்த முனைக்கே கூட்டிப்போய் ஊதிப் பார்த்தார்கள், வசந்தகாலத்து மழையில், காடு ஒழுங்காகக் கம்பளிக் குரலில் இருமியது, ஒருதடவைகூடத் தப்பவில்லை. தூங்கியிருப்பான் என்றார்கள். ஒரு பெயரை விழுங்கியிருப்பான் என்று அவளும் நினைத்தாள், யாரிடமும் சொல்லவில்லை, அவனிடம்கூட... சொல்லத்தான் வேண்டுமா, ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு.

வெளிப்பக்கம் சுற்றினால் சந்தைக்காரர்களுக்கு நேரமாகிவிடும். முனையை ஒட்டிய உள்வழிதான். தான் எந்தப் பெயரையும் விழுங்குவதில்லை. கயிறு, ஊதல், ஓலே, ஈவர், நில்ஸ், ஹால்வோர்... வந்தது. கச்சிதம். குரல் மட்டும் கொஞ்சம் வறண்டு, தகரத்தைத் தட்டியது போல, குளிர்ந்த காற்றில் அப்படித்தான் இருக்கும், தூரம் தூரம்தானே. சக்கரத்தை இடதுபக்கம் முனையை நோக்கி வளைத்தாள், கப்பல் சொன்னபடி கேட்டது, என்ன அருமையான கப்பல். சேவல் கூவியது. அதற்கு இன்னொரு சேவல் பதில் கூவியது.

எங்கிருந்து... கப்பலில் ஒன்றுதானே இருக்கிறது. இதோ மறுபடி, எதிரில், தூரத்திலிருந்து வரும் கூவல் அல்ல, கடைசியில் தொண்டை கரகரப்பதுகூடக் கேட்கிறது, முனைக்கு அடியில் குடியிருக்கும் ஸ்வீடன்காரனின் கோழிகள் நண்டு பொறுக்கப் பாறைவரைக்கும் வருமே... கை யோசிக்கவில்லை, இயந்திர அறையின் மணியை இழுத்தது, நிறுத்து, முழுப் பின்னோட்டம், கேன்கள் ஒன்றோடொன்று மோதின, தூங்கியவர்கள் சரிந்தார்கள், கப்பல் எலும்பெல்லாம் நடுங்க நின்றது. கறுப்பாக இருந்த தண்ணீர் பழுப்பாகியிருந்தது, அதற்குள் மாட்டின் முதுகு மாதிரி பாறை, அதன்மேல் பாசி நின்றுகொண்டு ஆடுகிறது. காப் நீளக்கழியை நீட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினான், முகத்தில் ரத்தமே இல்லை. கைய நீட்டினா மரத்தைத் தொட்டுடலாம் கேப்டனம்மா என்றான்.

உண்மைதான். தலைக்கு மேலே கிளைகள், ஒவ்வொரு கிளையிலும் வெண்பனி, தடித்த மெத்தை மெத்தையாக, காடு முழுக்க ஒரு சத்தமில்லை. அவள் கயிற்றை இழுத்தாள். எதுக்கு ஊதுறீங்க என்று காப் கேட்பது காதில் விழுந்தது. ஓலே, அந்த மரங்கள் இப்போதே இருமவேண்டும், ஓலே என்று வாயைத் திறக்கும்போதே, இருமவில்லை, ஈவர், நில்ஸ், ஹால்வோர்... வந்தது, கச்சிதமாக, வறண்ட குரலில், காட்டுக்குப் பின்னால் வெகுதூரம் உள்ளே இருக்கும் பழைய கல்குவாரியின் செங்குத்துச் சுவரிலிருந்து, பனி ஒட்டாத அந்த மொட்டைக் கல்லிலிருந்து. மறுபடி ஊதினாள். மறுபடி ஹால்வோர். காடு மெத்தையைப் போர்த்திக்கொண்டு வாயை மூடிக்கொள்ள, பின்னால் இருப்பவன் அதன் இடத்தில் பதில் சொல்கிறான். ‘ஆரா’ மோதிய அன்றும் முதல் வெண்பனி, மதியத்துக்குள் கரைந்துபோனது, வசந்தகாலத்து மழையில் ஊதிப் பார்த்தவர்களுக்கு அது எங்கே தெரியும். சரியாத்தான் வந்துச்சு. பெயரை விழுங்கவில்லை அவன். ஒன்றைக்கூட விழுங்கவில்லை.

பின்னோட்டத்திலேயே மெல்ல ஆழத்துக்கு வந்தார்கள், பாறையில் உரசக்கூட இல்லை. வெளிப்பக்கமாகச் சுற்றும்போது காப்புக்கு ரத்தம் திரும்பியிருந்தது, நாக்கும். அந்தச் சேவலுக்கு ஒரு லைசென்ஸ் எழுதிக் குடுத்துடலாம் கேப்டனம்மா, சந்தைக்கு அனுப்பாதீங்க என்றான். அவள் சிரித்தாள், நன்றாகவே சிரித்தாள், உடனே அந்தச் சொல் உள்ளே எங்கேயோ போய் நின்றது. லைசென்ஸ். சாயங்காலம் வீட்டில் ரொட்டி வாசனை இருக்கும், அவன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான், சீவர்ட், ஹால்வோர்லதான் வந்துச்சு என்று சொன்னால் போதும், அந்த முதுகு திரும்பும். காப் இருக்கிறான், திருமதி ஹானரன் இருக்கிறாள், சாட்சிக்குக் குறைவில்லை, அடுத்த வெண்பனியில் அந்த அதிகாரிகளையே கூட்டிவந்து ஊதிக் காட்டலாம், உரிமத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள், கொடுத்தே ஆகவேண்டும், பிறகு இந்தக் கப்பலில்... இருப்பது ஒரு சக்கரம். ரொட்டி இப்போது நன்றாகவே சுடுகிறான். சொல்லிவிடுவாள், சொல்லாமல் இருப்பாளா என்ன... மூடுபனி கிழிந்து சந்தைத்துறையின் கொடிக்கம்பம் தெரிந்தது, கப்பலை ஒரு மயிரிழையும் பிசகாமல் பலகையோடு அணைத்தாள், காப் கயிற்றை வீசிக் கட்டினான், இயந்திரம் அடங்கியது, ஆட்கள் இறங்கினார்கள், சேவலும் இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். கட்டி நிறுத்திய கப்பலில் அவை இன்னும் சக்கரத்தை விடவில்லை.