அண்ணன் அழுத கதை

மாணவர்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் ‘எப்படித் தெரியும்’. வகுப்பில் யார் எதைச் சொன்னாலும் அந்த இரண்டு வார்த்தையைத்தான் திருப்பிப் போடுவாள். அறிவின் தத்துவம் சொல்லிக்கொடுக்கிற பேராசிரியை. நம்புவது வேறு, அறிவது வேறு, நடுவில் ஆதாரம் என்று ஒன்று வேண்டும் என்பதுதான் அவள் பிழைப்பு. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே பிழைத்தாள். ஆனால் வெளியே மழை என்று தலையைத் துவட்டிக்கொண்டே வருகிறவரிடமும் ஆதாரம் கேட்கிற பெண்ணோடு எத்தனை பேர் உட்கார்ந்து காபி குடிப்பார்கள்? கல்லூரியில் தனியாகத்தான் சாப்பிட்டாள். வீட்டிலும் ஒரு தட்டுதான் கழுவ வேண்டியிருந்தது.

தத்துவத் துறையில் ஆள் குறைந்து குறைந்து அவள் ஒருத்தி மட்டும் மிஞ்சினாள். நிர்வாகம் அவளை மேசை நாற்காலியோடு தூக்கிப் பக்கத்துக் கட்டிடத்தில் கொண்டுபோய் வைத்தது. மனசு எப்படிப் பார்க்கிறது, நினைக்கிறது, மறக்கிறது என்று சோதனை போட்டு ஆராயும் துறை அது. அதன் தலைவருக்கு அவள் வைத்த பெயர் மூளைக்காரர். தங்கமான மனுஷர், வாய்தான் கொஞ்சம் நீளம்.

“நீங்க உக்காந்த இடத்துலயே எது அறிவுன்னு சொல்லிடுறீங்க மேடம். மூளை உள்ள என்ன பண்ணுதுன்னு பாக்க வேண்டாமா?”

“கடிகாரத்தப் பிரிச்சுப் பாத்தா அது எப்படி ஓடுதுன்னு தெரியும். சரியான மணி காட்டுதான்னு தெரியுமா?”

மாடிப்படியில், லிஃப்டில், தண்ணீர்க் குழாய் பக்கத்தில் என்று இந்தச் சண்டை தினமும் நடந்தது. உண்மையைச் சொன்னால், ஒரு நாளில் அவளோடு ஒரு மனிதர் பேசுவது அந்தப் பத்து நிமிஷம்தான். ஞாயிற்றுக்கிழமைகள் அவளுக்குப் பிடிக்காமல் போனதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

மூளைக்காரரின் ஆய்வுக்கூடத்தில் அப்போது ஒரு சோதனை ஓடிக்கொண்டிருந்தது. ஒருவருடைய சின்ன வயதில் நடந்த சில சம்பவங்களை அவருடைய சொந்தக்காரரிடம் கேட்டு வாங்குவார்கள். நடக்கவே நடக்காத ஒன்றைத் தாங்களே கட்டி அதோடு சேர்ப்பார்கள். வாரம் ஒரு முறை உட்காரவைத்து, எல்லாவற்றையும் நினைவுபடுத்திச் சொல்லச் சொல்வார்கள். பொய்ச் சம்பவமும் ஞாபகம் வந்துவிட்டதாகச் சத்தியம் செய்கிறவர்கள் உண்டு.

“ஏமாறுறவங்க யோசிக்காதவங்க” என்றாள் அவள். “நிதானமா யோசிச்சா எது நிஜம்னு தெரிஞ்சிடும்.”

“அப்ப நீங்களே வந்து உக்காருங்க.”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். சொந்தக்காரர் என்று கேட்டபோது, சொல்வதற்கு அவளுக்கு அண்ணனை விட்டால் ஆள் இல்லை.

அண்ணன் வேறு ஊரில் பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரார் அழுவதைப் பார்த்தே காலம் தள்ளியவர். அவர் கண் கலங்கி யாரும் பார்த்ததில்லை. அம்மாவை அவர்தான் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொண்டார். அம்மாவுக்கு ஞாபக மறதி முற்றியிருந்தது. “அப்பா இப்பத்தான் வந்துட்டுப் போனாரு” என்று சந்தோஷமாகச் சொல்வாள். பார்க்கப் போயிருந்த இவள், “அப்பா செத்து நாப்பது வருஷமாச்சும்மா” என்று திருத்துவாள். பொய்யைப் பொய் என்று சொல்லாமல் இருக்க அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் அம்மா அந்தச் செய்தியை முதல்முறை கேட்பதுபோல் கேட்டு அழுதாள். மூன்றாம் நாள் அண்ணன் அவளை வாசலுக்குக் கூப்பிட்டார். “நீ இனிமே இங்க வராத. நீ வர்றப்பல்லாம் அம்மா புதுசா விதவையாகுறாங்க.” அதோடு சரி. அம்மா போன பிறகும் நல்லது கெட்டதுக்கு மட்டும் அரை நிமிஷம் பேசிக்கொண்டார்கள்.

“உங்கண்ணன் போன்ல ரொம்ப நேரம் பேசினாரு மேடம்” என்று ஆய்வு மாணவி வந்து சொன்னபோது அவளுக்குச் சுருக்கென்றது. யாரோ ஒரு பெண்ணிடம் பேச அவருக்கு இருக்கிறது, தங்கையிடம் பேசத்தான் ஒன்றும் இல்லை.

நான்கு சம்பவங்களை வைத்தார்கள். மதில் மேலிருந்து விழுந்து தாடை கிழிந்தது. அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. பள்ளி மேடையில் வசனம் மறந்து நின்றது. அப்பா அவளை மட்டும் தனியாக ஏரிக்குக் கூட்டிப்போய்ப் படகில் ஏற்றியது. ஐந்து வயதில் ரயில் நிலையத்தில் அவள் தொலைந்துபோக, கிடைக்கும்வரை அண்ணன் தேம்பித் தேம்பி அழுதது.

அப்பா பிள்ளைகள் எழுவதற்குள் வேலைக்குப் போய், தூங்கிய பிறகு வருகிறவர். ஒரு நாள் அதே அவசரத்தில் செத்தும் போனார். அதனால் படகுக் கதை முதல் வாரம் அவளுக்குப் புகையாகத்தான் தெரிந்தது. இரண்டாம் வாரம் படகின் ஆட்டம் வந்தது. அப்புறம் அப்பாவின் நனைந்த சட்டைக்கை, அதன் வாசனை, “பயப்படாதடா” என்ற குரல். மாலையில் சீக்கிரம் வீட்டுக்கு வந்து விளக்கைப் போடாமல் அதோடு உட்கார்ந்திருந்தாள். வெகு காலத்துக்குப் பிறகு வீட்டில் இன்னொருவர் இருப்பதுபோல் இருந்தது.

கடைசி நாள். “எது பொய்னு சொல்லுங்க மேடம்” என்றார் மூளைக்காரர்.

“நாலாவது. எங்கண்ணன் அம்மா செத்தப்பவே அழாத ஆளு. எனக்காக ஸ்டேஷன்ல நின்னு அழுதாராமா? யாருக்குக் காது குத்துறீங்க?”

மூளைக்காரர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

“படகுதான் மேடம் நாங்க கட்டினது. அப்பா உங்கள அப்படி எங்கயும் கூட்டிட்டுப் போனதில்லன்னு அண்ணன் சொன்னாரு.”

“சட்டை ஈரமா இருந்துச்சு” என்றாள் அவள்.

“நாங்க சட்டையப் பத்திப் பேசவே இல்லையே மேடம்” என்றார் அவர் மெதுவாக. ஜெயித்த மனுஷர் மாதிரியே இல்லை. எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்பாவைக் கூப்பிட்டுப் பார்த்தாள். இப்போதும் வந்தார், அதே ஈரச் சட்டையோடு. பொய் என்று தெரிந்த பிறகும் வந்ததுதான் தாங்கவில்லை. ஆனால் கூடவே இன்னொன்றும் உறுத்தியது. படகு பொய் என்றால் ரயில் நிலையம் நிஜம். ஒரு காலத்தில் அவளைக் காணோம் என்று ஒருவர் அழுதிருக்கிறார். அது மட்டும் உறுதியாகிவிட்டால் போதும் என்று இருந்தது. போனை எடுத்தாள்.

“யாருக்கு என்ன ஆச்சு?” என்றார் அண்ணன் எடுத்த எடுப்பில்.

“யாருக்கும் ஒண்ணுமில்லண்ணா. அந்த ஸ்டேஷன் விஷயம்... நீங்க நிஜமாவே அழுதீங்களா?”

“எனக்கு ஞாபகம் இல்லம்மா.”

“அம்மா சொன்னாங்களா?”

“நீ தொலைஞ்சது அம்மா சொல்லித் தெரியும். அழுததப் பத்தி அம்மா ஒண்ணும் சொன்னதில்ல.”

நிஜம் என்று வைத்த சம்பவத்துக்கே சாட்சி இல்லை. மூளைக்காரரின் சோதனையும் போயிற்று, அண்ணனின் அழுகையும் போயிற்று. நாளைக்கே போய் மூளைக்காரரை மடக்கிவிடலாம். எத்தனை நாள் சண்டைக்குத் தாங்குகிற விஷயம்! ஆனால் சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது.

“ஞாபகமே இல்லாம, உறுதியா நடந்துச்சுன்னு அந்தப் பொண்ணுகிட்ட ஏன் சொன்னீங்க?”

“நீ காணாமப் போயிட்ட. எனக்கு ஒம்பது வயசு” என்றார் அண்ணன். “அழாம வேற என்ன பண்ணியிருப்பேன்?”

இது ஆதாரமே இல்லை. பரீட்சையில் எவனாவது இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையில் முட்டை போட்டிருப்பாள். மறுப்பு வரிசையாக நாக்கு நுனியில் நின்றது. அவள் எதையும் சொல்லவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் போனில் போயிற்று.

“அழுறியா?” என்றார் அண்ணன்.

“இல்லண்ணா.”

அவர் திருத்தவில்லை. “சரி, இல்ல” என்றார். “போன மட்டும் வைக்காத.”