வியாழக்கிழமை ஜெபக் குறிப்பு

மேபலின் முகத்தில் சிறுவயதில் வந்துபோன அம்மையின் தழும்புகள் ஐம்பத்தைந்து வயதிலும் அப்படியே இருந்தன. வெள்ளவத்தைத் தேவாலயத்துப் பெண்கள் ஐக்கியத்தில் உள்ளழகைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோருடைய கண்ணும் அவள் பக்கம் திரும்பும். "முகத்தில என்ன இருக்கு? எங்கட மேபலைப் பாருங்கோ," என்பாள் தலைவி ஐறீன். அதில் புகழ்ச்சி எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று மேபல் பிரித்துப் பார்த்ததில்லை. முப்பது வருடச் சிநேகிதி சொல்வதை யார் அப்படிப் பார்ப்பார்கள்?

மேபல் கலியாணம் செய்யவில்லை. ஒரு தேயிலைக் கம்பனியில் தட்டெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இரண்டு அறை வீடு. வடக்கிலிருந்து வந்து தங்க இடமில்லாமல் அலையும் பெண்களை ஒருவர் பின் ஒருவராக அங்கே வைத்திருந்தாள். வடக்கிலிருந்து வருவோர் கட்டாயம் செய்யவேண்டிய பொலிஸ் பதிவுக்குத் தானே கூட்டிப்போய், அவர்களுக்காகச் சிங்களத்தில் பேசுவாள். தொண்ணூற்றாறில் கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்த பிறகு யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு அறை கொடுக்கப் பலர் பயந்தார்கள். மேபலும் பயந்தாள்; பயந்துகொண்டே கொடுத்தாள்.

அடுத்த வருடம் வந்தவள் கௌரி. இருபத்தாறு வயது, விதவை. கனடாவிலிருக்கும் தமையனிடம் போக விசாவுக்குக் காத்திருந்தாள். ஒரு நாள் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது, கேட்காமலே சொன்னாள்.

"அன்ரி, என்ர அவர் ஷெல் பட்டுச் சாகேல்லை. ரெண்டு வருஷம் இயக்கத்துக்கு வாகனம் ஓடினவர். ஆனையிறவுச் சண்டையில முடிஞ்சுது. இங்க உங்களுக்கு மட்டும்தான் சொல்லுறன்."

"என்னோட இருக்கட்டும் பிள்ளை," என்றாள் மேபல்.

இருக்கவில்லை. மூன்று நாள் அதைச் சுமந்தாள். வீதியில் ஜீப் சத்தம் கேட்டாலே ஜன்னலடிக்கு ஓடினாள். நான்காம் நாள் ஐறீன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டாள். ஐறீன் அவள் கையைப் பிடித்து, "எங்களுக்கும் ஆண்டவருக்கும் இடையில இருக்கட்டும்," என்றாள். பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

இரண்டு கிழமை கழித்து, காலைச் சாப்பாட்டு நேரம், பொலிஸ் வந்தது. அதிகாரி பதிவுப் பத்திரத்தைப் பார்க்கவேயில்லை. புருஷன் புலிகளுக்கு இரண்டு வருடம் வாகனம் ஓட்டினவன்தானே, அலிமங்கடவில் செத்தவன்தானே என்று சிங்களத்தில் கேட்டான். ஆனையிறவுக்குச் சிங்களத்தில் அதுதான் பெயர். செய்திகளில் கேட்டுப் பழகிய அந்த ஒரு சொல் கௌரிக்கு விளங்கியது. அவள் அதிகாரியைப் பார்க்கவில்லை. மேபலைத்தான் பார்த்தாள். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு அவர்களோடு போனாள்.

மேபல் நேரே ஐறீனிடம் போனாள்.

"நீர் ஆருக்காவது சொன்னனீரோ?"

"சொல்லுறதெண்டா..." ஐறீன் சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். "போன வியாழன் ஐக்கியக் கூட்டத்தில ஜெபக் குறிப்பா வைச்சனான். நீர் காய்ச்சல் எண்டு வரேல்லைத்தானே. பேர் சொல்லேல்லை. மேபல் வீட்டில இருக்கிற பிள்ளை எண்டுதான் சொன்னனான்."

"என்ர வீட்டில ஒரு பிள்ளைதான் இருக்கு, ஐறீன்."

"நான் ஊர்க்கதை கதைக்கேல்லை. ஜெபத்துக்குத்தானே."

அன்று இருபதுக்கு மேற்பட்ட பெண்கள் கண்ணை மூடி ஜெபித்திருக்கிறார்கள். அது எந்த வாயிலிருந்து எந்தக் காதுக்குப் போனதோ, யாருக்குத் தெரியும்.

"சரி, என்னோட ஸ்டேஷனுக்கு வாரும். அங்க இருக்கிற பெரியவரை உமக்குத் தெரியும்."

"பெண்கள் ஞாயிறு வருது. இதுக்குள்ள சேர்ச்சை இழுக்க வேண்டாம்." ஐறீன் எழுந்து கதவடிக்கு வந்தாள். "அதோட, மேபல், நீரும்தானே எனக்குச் சொன்னனீர்."

தன்னை ஏமாற்றியவளின் வாயிலிருந்து உண்மை வந்ததுதான் மேபலை அதிகம் சுட்டது.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் பொலிஸ் நிலைய வாசலில் சோற்றுப் பொட்டலத்தோடு நின்றாள். சில நாள் வாங்கினார்கள், சில நாள் திருப்பி அனுப்பினார்கள். ஐக்கியத்துப் பெண்களில் ஒருத்திகூட வந்து பக்கத்தில் நிற்கவில்லை. பெருந்தெருவான காலி வீதியில் எதிர்ப்பட்ட அவர்களில் இருவர் முகம் மறையக் குடையைச் சரித்துக்கொண்டு போனார்கள். கடைசியில் சிவானந்தன் என்ற வழக்கறிஞர் அலைந்து திரிந்து, பதினோராம் நாள் கௌரியை வெளியில் எடுத்தார்.

வீட்டுக்கு வந்தவள் உடுப்புகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

"கொட்டாஞ்சேனையில ஒரு அறை இருக்காம். சிவானந்தன் ஐயா சொன்னவர்."

"என்னை மன்னிச்சுக்கொள்ளும் பிள்ளை."

கௌரி பெட்டியைப் பூட்டினாள். "நீங்கள் சோறு கொண்டுவந்து நிண்டதை மறக்க மாட்டன், அன்ரி. ஆனா எனக்கு உங்கட சோறு தேவைப்பட்டிருக்காது. வாயைத் திறக்காமல் இருந்திருந்தாப் போதும்."

பெண்கள் ஞாயிறன்று வேதபாடம் வாசிக்க மேபலின் பெயர் போட்டிருந்தது. அவள் போகவில்லை. வியாழக்கிழமைகளிலும் போகவில்லை. ஐறீன் இரண்டு தரம் ஆள் அனுப்பிவிட்டுப் பிறகு விட்டுவிட்டாள்.

மூன்று மாதம் கழித்து வவுனியாவிலிருந்து மயிலம்மா என்றொரு பெண் அந்த அறைக்கு வந்தாள். மறுநாள் காலை தேத்தண்ணி குடிக்கும்போது, "அக்கா, என்ர மூத்தவன்..." என்று தொடங்கினாள்.

"எனக்குச் சொல்லாதேங்கோ," என்றாள் மேபல்.

மயிலம்மாவின் முகம் சுருங்கிப்போயிற்று. இந்தக் கிழவிக்கு ஈரமே இல்லை என்று நினைத்திருப்பாள். மேபல் விளக்கப் போகவில்லை. பதிவுப் பத்திரத்தையும் குடையையும் எடுத்துக்கொண்டு, அவளைப் பொலிஸ் பதிவுக்குக் கூட்டிப்போனாள்.