பெயர் வருகிற இடம்

...முனகினால் போதும் என்று சொன்னதே அவள்தான், இப்போது யாரை நொந்துகொள்வது, கடவுள் பெயர் வருகிற அந்த ஒரே இடத்தில் மட்டும் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகட்டும், பண்டிகைப் பாட்டைப் பாடின மாதிரியும் ஆயிற்று, அரசுப் பள்ளியில் சாமி பாட்டா என்று கேட்கிறவர்கள் வாயை அடைத்த மாதிரியும் ஆயிற்று என்று, தலைமையாசிரியைக்கே உரிய தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு பாட்டு வாத்தியாரிடம் சொன்னாள், அந்த மனிதர் தலையாட்டினார், எதற்குத்தான் ஆட்டமாட்டார்... இதோ சுவருக்கு அந்தப் பக்கம் கடைசி ஒத்திகை, மற்ற வரிகளையெல்லாம் தூக்கக் கலக்கத்தில் பாடுகிற பிள்ளைகள் அந்த இடம் வந்ததும் உயிரைக் கொடுத்து முனகுகிறார்கள், ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது, மறைக்கப் போய் ஊருக்கே தண்டோரா போட்டாயிற்று. நாளை காலை விழா. பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் மேசையைத் தட்டி, "காலங்காலமா நடக்கிறதுதானே மேடம், புதுசா என்ன சட்டம் பேசறீங்க?" என்றார், இன்னொருவர் அதே மேசையைத் தட்டி, "எல்லாரோட வரிப்பணத்துலயும் நடக்கிற ஸ்கூல், ஒருத்தரோட சாமிக்கு மட்டும் எதுக்குப் பாட்டு?" என்றார், இரண்டும் அவளுக்கு நியாயமாகத்தான் பட்டது, அதுதான் தலைவலியே, இந்த நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு எல்லாருடைய நியாயமும் புரிந்து தொலைத்தால் எந்த முடிவைத்தான் எடுப்பது?

இந்த லட்சணத்தில் மருந்துக்கடைக்காரர் வேறு வருகிறார், மூன்றாம் வகுப்புப் பம்பரத்தின் அப்பா, ஓரிடத்தில் நிற்காத பெண் என்பதால் வகுப்பில் வைத்த பெயர், வகுப்பிலேயே வேறு மதத்துக் குடும்பம் அவர்களுடையது மட்டும்தான். "பாப்பா விஷயமா பேசணும் மேடம், நேர்லயே வர்றேன்" என்று ஃபோனை வைத்துவிட்டார், அந்தக் குரலில் கோபமா, கடையில் நிற்கிற அவசரமா... நிறுத்து என்பாரோ? மேலிடத்துக்குப் போவேன் என்பாரோ? என்றால் என்ன, பதில் தயாராக இருக்கிறதே, ஒத்திகை தொடங்கிய முதல் நாளே பம்பரத்தைத் தனியாகக் கூப்பிட்டு, நீ நூலகத்தில் உட்கார்ந்து படம் வரையலாம் கண்ணு என்று அனுப்பிவிட்டாளே, அதுவும் மின்விசிறிக்குக் கீழே, புது வண்ணப் பென்சில் டப்பாவோடு, இதைவிட ஒரு மனுஷி என்ன செய்ய முடியும். பள்ளியில் படித்த காலத்தில் அவளுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை, அவள் குடும்பமும் அங்கே வேறு மதம்தான். அஞ்சலகத்தில் முத்திரை குத்துகிற அப்பா சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு பள்ளிக்கு வந்து, "எங்க பொண்ணு இதுல சேரக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போக, அவளைக் கொண்டுபோய் வரைபடங்கள் சுருட்டி வைத்திருந்த அறையில் உட்கார வைத்தார்கள், பசை நாற்றம், ஒரு முக்காலி, சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு... கேட்டுக் கேட்டே முழுப் பாட்டும் மனப்பாடமாகிவிட்டது, ஒருநாள் யாருமில்லை என்று வாய்விட்டுப் பாடினாள், கடவுள் பெயரோடுதான், அப்போது வெளியே செருப்புச் சத்தம் வந்து கதவருகே நின்றது, காவலாளியாக இருக்கும், உள்ளே வராமல் வந்த வழியே போய்விட்டது. அடுத்த வருடம் அப்பா எதுவுமே சொல்லவில்லை. அவளும் வரிசையில் நின்று பாடினாள். அப்பாவுக்கு அலுத்துப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள், கேட்டதில்லை, கேட்க இப்போது அவரும் இல்லை.

"உள்ள வரலாமா மேடம்?" சட்டைப் பையில் பேனா, கையில் மருந்து வாசனை, உட்காருங்கள் என்றாலும் உட்காரவில்லை, நிற்கிறவரிடம் உட்கார்ந்துகொண்டு பேசுவது எப்போதுமே தோற்கிற காரியம், அவளும் எழுந்தாள், தயாராக வைத்திருந்ததை எடுத்துவிட்டாள், "உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் சார், முதல் நாளே பாப்பாவ நூலகத்துல..." அவர் அதற்குத்தான் காத்திருந்தவர் மாதிரி, "அதான் மேடம் கேக்க வந்தேன், யார் கேட்டா?" என்றார். யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை. அவளே நினைத்துக்கொண்டாள், அவளே நொந்துகொண்டாள், அவளே அனுப்பியும் வைத்தாள். "நீங்க சங்கடப்படுவீங்கன்னு..." என்று இழுத்தாள். "சங்கடம் எங்களோடது மேடம், அத நாங்க பாத்துக்க மாட்டோமா? நான் என்ன தப்பு பண்ணேன்பான்னு தினமும் கேக்கறா, நான் என்னன்னு சொல்ல?" அப்படியென்றால் சேர்த்துக்கொள்ளலாம், நாளைக்கே வரிசையில் நிற்கட்டும் என்று அவள் அவசரமாகச் சொல்ல வாயெடுத்தாள், அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "பாடட்டும்னும் நான் சொல்லல. எங்க வீட்லயும் பெரியவங்க இருக்காங்க, எனக்கும் இன்னும் பிடிபடல. ஆனா வேணும், வேணாம்னு சொல்ல வேண்டியது நாங்கதானே? ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" கத்தியிருந்தால் தேவலை, கத்துகிறவர்களைச் சமாளித்துப் பழக்கம் உண்டு, இவர் அரை மாத்திரையா முழு மாத்திரையா என்று கேட்கிற குரலில் கேட்டார், அவளுக்குக் காது மடல் சுட்டது, வெட்கம்தான், வேறென்ன. "வாங்க சார், பாப்பாவையே கூட்டிட்டு வந்துடலாம்" என்றாள், அந்த அறையில் இன்னொரு நிமிடம் நிற்க முடியாது என்பதுதான் உண்மை.

நடைபாதையில் அவள் முன்னால், அவர் பின்னால், சுவரில் பிள்ளைகள் ஒட்டிய காகிதப் பூக்களில் பாதி இப்போதே தொங்குகிறது, நாளைக்குள் விழுந்துவிடும், யாரிடம் சொல்வது... பாட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது, பெண்ணிடம் என்ன கேட்பது, உனக்குப் பாட வேண்டுமா என்றா, வேண்டும் என்றால் இவர் முகத்தில் எப்படி விழிப்பது, வேண்டாம் என்றால் அதை நம்புவதா? நூலகக் கதவு ஒருக்களித்திருந்தது. பம்பரம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள், ஆச்சரியம், அசையாமல். பென்சில் டப்பா பிரிக்கப்படவேயில்லை. கூடத்தில் அந்த இடம் வந்தது, மொத்தப் பள்ளியும் 'ம்ம்ம்' என்று முனகியது, அந்த முனகலுக்குள் மெல்லிசாக ஒரு குரல் பெயரைச் சொன்னது, தெளிவாக, ராகம் பிசகாமல், ஓ, முனகல் வருவதற்கு முன் முதல் நாள் கேட்டதை வைத்துக்கொண்டிருக்கிறாள், இந்தக் கட்டிடத்திலேயே அந்தப் பெயரைப் பாடுகிற ஒரே பிள்ளை... பின்னால் வந்த செருப்புச் சத்தம் நின்றுவிட்டது. கதவைத் தள்ளப்போன கை அப்படியே நின்றது. திரும்பி அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் இல்லை, பார்க்கவும் வேண்டும் போலிருந்தது, அன்றைக்கு அந்த வரைபட அறைக்கு வெளியே நின்றது காவலாளிதான், அப்பா இல்லை என்று அவளுக்கு யார் சொன்னது?