தரையில் நாலு ஓட்டை

மாணவி கிளட்சை விட்ட வேகத்தில் கார் ஒரு துள்ளு துள்ளி, முன்னால் நின்ற தண்ணீர் லாரியின் முதுகைத் தொடப் பார்த்தது. அதற்குள் மேடத்தின் வலது கால் தன் பக்கத்து பிரேக்கை அழுத்திவிட்டது. டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவருக்கும் ஒரு பிரேக் உண்டு, நல்லவேளை. "பயப்படாதம்மா, நான் இருக்கேன்ல," என்றாள். இருந்தாளே தவிர மனசு அங்கே இல்லை. அடுத்த திருப்பத்தில் வலது என்று சொல்ல வேண்டிய இடத்தில் இடது என்றாள். மாணவி சொன்னபடியே திருப்பி ஒரு முட்டுச்சந்துக்குள் கொண்டுபோய் நிறுத்தினாள். அந்தத் தொழிலில் இறங்கிய நாளிலிருந்து அவள் வழி மாற்றிச் சொன்னதே இல்லை.

காலையில் அண்ணன் போன் செய்ததிலிருந்து இப்படித்தான்.

"பாப்பா, நம்ம ராலி கார் ரெடியாயிடுச்சாம். சாயந்திரம் பட்டறைக்கு வந்துடு. ஒட்டகத்தோட பையனும் வர்றான். அவங்கப்பா உட்கார்ந்த சீட்லயே அவன உட்கார வெச்சு ஒரு ரவுண்டு போகப்போறேன்."

அறுபதைத் தாண்டியவளை பாப்பா என்று கூப்பிட உலகத்தில் மிச்சம் இருப்பது அவர் ஒருவர்தான். அதனால் அவளால் அவரிடம் சண்டை போட முடிந்ததே இல்லை. போனை வைத்த பிறகுதான் வயிறு எரிந்தது. அவங்கப்பா உட்கார்ந்த சீட்டாம்!

அந்த சீட்டில் உட்கார்ந்தவள் அவள்தான். அண்ணனின் சிநேகிதன் ஒட்டகம், ஆள் அவ்வளவு உயரம், அந்தக் காலத்தில் அண்ணன் ஓட்டிய மலைப்பாதைக் கார் பந்தயத்துக்கு, பக்கத்தில் இருந்து வழி சொல்பவனாகப் பெயர் கொடுத்திருந்தான். ஆனால் ஒத்திகைக்கு ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. அந்த மலைப்பாதை முழுக்க அண்ணனோடு போய் வளைவு வளைவாகக் குறிப்பெழுதியவள் தங்கைதான். போட்டியன்று காலையில் ஒட்டகத்துக்கு வயிறு கெட்டுப்போய், லாட்ஜ் கழிப்பறையை விட்டு வெளியே வர முடியவில்லை. தோழியின் கல்யாணத்துக்குப் போவதாக வீட்டில் புளுகிவிட்டு வந்திருந்தவள், அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறிவிட்டாள். பனிமூட்டத்தில் அவள் கத்திய கத்தில்தான் கார் பள்ளத்தில் இறங்காமல் முதலாவதாக வந்தது. அப்பாவுக்குத் தெரிந்தால் இரண்டு பேர் காலையும் ஒடித்துவிடுவார் என்று, கோப்பையோடு நின்ற படத்தில் வயிற்றைப் பிடித்தபடி ஒட்டகம் நின்றான்.

அது சரி. அப்பா போய்ச் சேர்ந்த பிறகாவது சொல்லியிருக்கலாம். அண்ணன் சொல்லவில்லை. கல்யாண வீடுகளிலும் ஆஸ்பத்திரி வராண்டாக்களிலும்கூட அந்தக் கதையை விட்டுக்கொண்டே இருந்தார். சொல்லச் சொல்ல ஒட்டகம் வீரனாகிக்கொண்டே போனான். அவள் காது படவே சொல்வார். அவளும் சிரித்துவைப்பாள். போன வருஷம் ஒட்டகம் செத்தபோது அழுதாள், கூடவே ஒரு செத்தவன் மேல் பொறாமையும் பட்டாள். இனி மாற்றிச் சொல்ல வழியே இல்லை என்று தோன்றிவிட்டது.

சாயந்திரம் அவள் போனபோது பட்டறை வாசலில் அந்தப் பழைய வண்டி நின்றது. சிவப்பு வர்ணத்தில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். அண்ணன் விற்று, ஒரு பல் டாக்டர் வாங்கி, அவரிடமிருந்து கோழிப்பண்ணைக்காரர் வாங்கி முட்டை ஏற்றி, கடைசியில் பின் சீட்டில் கோழிகளே குடித்தனம் நடத்திய வண்டி என்று யாரும் நம்ப மாட்டார்கள். பக்கத்தில் கண்காட்சிக்கான பலகை சாத்தியிருந்தது. முதல் உரிமையாளர், அடுத்தவர், அதற்கடுத்தவர், வென்ற போட்டி, ஓட்டியவர், வழி சொன்னவர் என்று ஒட்டகத்தின் பெயர். கோழிப்பண்ணைக்காரருக்குக்கூட அதில் ஓர் இடம் இருந்தது. அவள் இரண்டு தடவை படித்துவிட்டுக் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

பட்டறைக்காரர் தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருந்தார். "ஒரு விஷயம்தான் சார் எனக்குப் பிடிபடவே இல்ல. இடது சீட்டுக்குக் கீழ, கம்பெனி போட்ட ஓட்டை போக, முன்னாடி தள்ளி இன்னும் நாலு ஓட்டை. யாரோ கையால போட்டிருக்காங்க. கோழிப்பண்ணையில எவனோ பண்ண வேலைன்னு நினைச்சு, தரைத்தகட்டையே புதுசா மாத்திட்டேன்."

"நல்லதாப் போச்சு," என்றார் அண்ணன், கண்ணாடியில் மீசையைச் சரிசெய்துகொண்டே.

அந்த நாலு ஓட்டையையும் போட்டியன்று காலையில் அவர்தான் போட்டார், வியர்க்க வியர்க்க. அவள் கண்ணெதிரே போட்டார். அவளிடம் அத்தாட்சி என்று இருந்தது அது ஒன்றுதான். அதுவும் பழைய இரும்புக்குப் போய்விட்டது. எல்லோருமாகச் சேர்ந்து தன்னைத் துடைத்து மெருகு போட்டுவிட்டார்கள் என்று நினைத்தபோது அவளுக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை.

ஒட்டகத்தின் மகன் ஹெல்மெட்டோடு வந்தான். அப்பனைப் போலவே உயரம், அப்பனைப் போலவே கூச்சம். "அத்தை, முதல்ல நீங்க ஒரு தடவை உட்காந்து பாருங்க," என்று கதவைத் திறந்துவிட்டான்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள், அதற்குள் ஏறிவிட்டாள். உடம்பு வழி மறக்கவில்லை, தலையைக் குனிந்து இடுப்பை நுழைத்துக்கொண்டது. ஆனால் சீட் எங்கோ பின்னால் இருந்தது. கால் முட்டுக்கொடுக்கும் தகடு எட்டவில்லை. அவளுடைய கால் அந்தரத்தில் தொங்கி, இல்லாத எதையோ தேடிக்கொண்டிருந்தது.

அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்து ஒரு பார்வை பார்த்தார். சட்டென்று வெளியே குரல் கொடுத்தார்.

"யோவ், சீட்ட முன்னாடி ஓட்டையில மாட்டுய்யா! பாப்பாவுக்குக் கால் எட்டாது."

பட்டறைக்காரர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த துணி அப்படியே நின்றது. "சார்... அந்த ஓட்டை மேடத்துக்காகவா போட்டது?"

அண்ணனின் கை மீசையைச் சரிசெய்யப் போய், பாதியில் இறங்கியது. இந்த நிமிஷத்துக்காக எத்தனையோ வசனம் தயார் பண்ணி வைத்திருந்தாள் அவள். இப்போது கோபம்தான் வந்தது. அப்படியானால் மறக்கவே இல்லை, எல்லாம் ஞாபகம் வைத்துக்கொண்டுதான் சொல்லாமல் இருந்திருக்கிறார்! அந்தப் பையனின் முகத்தைப் பார்க்க மட்டும் பயமாக இருந்தது.

அவன் ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்பா இந்தக் கதைய என்கிட்ட ஒரு தடவகூட சொன்னதில்ல அத்தை. எத்தனையோ தரம் கேட்டிருக்கேன். சிரிச்சுட்டு, பெரியப்பாவக் கேளுடான்னு போயிடுவாரு." ஹெல்மெட்டின் வாரை இழுத்துவிட்டுக் கேட்டான். "அன்னைக்கு அவர் எங்க இருந்தாரு?"

"லாட்ஜ்ல," என்றாள் அவள். "வயிறு சரியில்ல."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். ஹெல்மெட்டை அவள் மடியில் வைத்துவிட்டு, பலகை பக்கம் போய் அதை மறைத்தாற்போல் நின்றுகொண்டான்.

அண்ணன் இறங்கிச் சுற்றி வந்தார். பட்டறைக்காரரின் பையிலிருந்து சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு, முட்டி கடகடக்க அவள் பக்கத்துக் கதவருகே மண்டியிட்டார்.

"சார், புதுத் தகடு சார்," என்றார் பட்டறைக்காரர், அழாத குறையாக.

"எங்க வரணும், சொல்லு பாப்பா." அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சொல்லாமலே இருந்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு அவளுக்கே பழக்கமான, இரைச்சலுக்கு மேலே கேட்கிற அந்தக் குரல் வந்தது. "முன்னாடி. இன்னும் முன்னாடி. கொஞ்சம் இடது. அவசரப்படாத. அங்கதான், நிறுத்து."

கறுப்புத் தகட்டில் வெள்ளையாகப் பெருக்கல் குறி ஒன்று விழுந்தது. அண்ணன் அடுத்த மூலைக்கு நகர்ந்தார். பட்டறைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே டிரில்லுக்கு ஒயர் இழுத்து வந்தார். அவள் சீட்டின் நுனிக்குச் சரிந்து, வலது காலால் முட்டுக்கொடுக்கும் தகட்டை எட்டி அழுத்தினாள். என்ஜினை யாரும் இன்னும் கிளப்பவில்லை. அவள் காலை எடுக்கவில்லை.