தராசின் தோள்

"ஒரு மயிரிழை ஏத்துங்க, மாமா!" என்று ஹெலிகாப்டரின் உச்சிப் பக்கமிருந்து மைத்துனன் குரல் கொடுத்தான்.

இறக்கையின் மறுமுனையில், சக்கர மேடைமேல் நின்றிருந்த தராசு மூச்சை அடக்கிக்கொண்டு குதிகாலை உயர்த்தினார். நுனி அவர் வலது தோளில் இருந்தது. அங்கே மேலே, சக்கரக் குடம்போன்ற நடு ஹப்பிலிருந்து நீண்ட கைகளில் ஒன்றின் கவட்டைக்குள் இறக்கையின் அடிப்பாகம் நுழைந்திருந்தது. கவட்டையின் துளையும் இறக்கையின் துளையும் ஒரே நேர்கோட்டில் வந்தால்தான் இரண்டையும் பிணைக்கும் ‘பின்’ என்ற எஃகு முளை இறங்கும். வரவில்லை.

"ஏறிடுச்சு... இறக்குங்க. இல்ல, இல்ல, நில்லுங்க!"

"என்னய்யா, மாமியார் வீட்டுக்குள்ள நுழையற மருமகன் மாதிரி போறதா வர்றதான்னு நிக்குது?" என்றார் இறக்கையின் நடுவைத் தாங்கிக்கொண்டிருந்த பெயிண்டர்.

சிவப்புக் கோடு போட்ட இறக்கையும் நீலமும் ஏற்கெனவே மாட்டியாயிற்று. இப்போது மஞ்சள். பச்சை, சுவரோரம் மெத்தை வைத்த தாங்கியில் படுத்திருந்தது. மதியம் நோயாளி ஒருவரை ஏற்றிவர வண்டி பறக்க வேண்டும்.

எவ்வளவு அவசரமானாலும் பின்னைக் கையால்தான் தள்ளவேண்டும். சுத்தியலால் ஒரு தட்டு தட்டினாலும் துளைக்குள் உறைபோல இருக்கும் உலோக வளையமான புஷ்ஷில் கீறல் விழும். தரையில் விழுந்த கீறல் ஆகாயத்தில் விரிசலாகும். அதனால் எல்லாம் நுனி பிடிப்பவர் தோளில் இருந்தது. ஏத்து என்றால் ஏறி, நில் என்றால் கல்லாக நின்றதால்தான் அவருக்குத் தராசு என்று பெயர் வந்தது.

கொஞ்ச நாளாக அந்தத் தோளைத் தலைக்குமேல் தூக்க முடியவில்லை. காலையில் சட்டைப் பொத்தானை மனைவிதான் போட்டுவிட்டாள். பழைய துண்டொன்றை நாலாக மடித்து, ஓரம் தைத்து, சட்டைக்குள் தோளில் வைத்துவிட்டாள்.

"ஆபீஸ்ல சொல்லிட்டா என்னங்க?"

"சொன்னா, வீட்ல இருந்து தோளைப் பாத்துக்கோம்பாங்க. அப்புறம் தோளை மட்டுந்தான் பாத்துக்கிட்டு இருக்கணும்."

அவர் காண்ட்ராக்டர் மூலம் வந்தவர். அவள் தம்பியைத்தான் கம்பெனி நேராக எடுத்திருந்தது. அவனுக்கும் பயிற்சிக் காலம் இன்னும் முடியவில்லை.

போர்மேன் ஏணியேறி வந்தார். "என்ன தராசு, முள்ளு ஆடுதே?"

"இல்ல சார், சரியா வந்துடும்."

வரவில்லை. துளைக்குள் பாதி தூரம் போய்ப் பின் நின்றுவிட்டது. போர்மேன் அதை வெளியே இழுக்கச் சொல்லி, டார்ச் அடித்துத் துளைக்குள் பார்த்தார். கிரீஸ் பளபளத்ததே தவிர வேறொன்றும் தெரியவில்லை.

"நேத்து பழைய பின்னை உருவினது யாரு?"

"நான்தான் சார்" என்றான் மைத்துனன்.

"அப்ப உருவும்போது கோணலா இழுத்து புஷ்ஷைக் கெடுத்திருக்கே. ஏத்த ஏத்தப் போகலேன்னா வேற என்ன காரணம்? இறக்கையைத் தொழிற்சாலைக்குத் திருப்பி அனுப்பணும். மேலிடத்துல உன் பேரைத்தான் நான் சொல்லணும்."

தூங்கும் குழந்தையின் கையிலிருந்து பொம்மையை எடுப்பதுபோல அவன் அந்தப் பின்னை உருவியதைத் தராசு பக்கத்தில் நின்று பார்த்திருந்தார். மைத்துனன் அங்கிருந்து மாமாவைப் பார்த்தான். நுனி நடுங்குவது அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஆமா சார். கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்."

பெயிண்டர் நடுவைத் தாங்கியபடியே தராசைத் திரும்பிப் பார்த்தார்.

"பொய் சொல்றான் சார்" என்றார் தராசு. "புஷ் நல்லாத்தான் இருக்கு. என் தோள்தான் நிக்க மாட்டேங்குது. வேற யாரையாவது பிடிக்கச் சொல்லிப் பாருங்க."

"மாமா, சும்மா இருங்க!"

"நீ பின்னைப் பிடி, மாப்ள."

கீழே ஒயர் வேலை பார்த்துக்கொண்டிருந்த எலெக்ட்ரீஷியன் ஏறிவந்து நுனியைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டான். ஒரு மயிரிழை ஏற்றினான். நின்றான். மைத்துனன் உள்ளங்கையால் அழுத்த, பின் வழுக்கிக்கொண்டு போய் அடியில் உட்கார்ந்தது. இரண்டாவது பின்னும் போயிற்று. மைத்துனன் நட்டை மாட்டி முறுக்க ஆரம்பித்தான்.

தரைக்கு இறங்கி வந்த தராசிடம் போர்மேன் தணிந்த குரலில்தான் பேசினார். "முதல்லயே சொல்லியிருக்கலாமே? சரி, போய் ஓய்வெடுங்க. குணமானதும் காண்ட்ராக்டரைப் பாருங்க. நானும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன்."

"பச்சை இன்னும் பாக்கி இருக்கே சார். நடுவுல வேணா பிடிக்கிறேன்."

"வேண்டாம். கிளம்புங்க."

தராசு இடது கையால் மேல் பொத்தான்களைக் கழற்றி, வியர்வையில் ஒட்டியிருந்த துண்டுத் திண்டை உருவினார். போர்மேன் அதைப் பார்த்தார். திரும்பித் தாங்கியையும் பார்த்தார். நுனிப் பக்கம் மெத்தை தேய்ந்து இரும்பு தெரிந்தது.

"அது எதுக்கு இனிமே உங்களுக்கு? இப்படிக் குடுங்க."

வாங்கி, பச்சை இறக்கையின் நுனியை இரண்டு கையாலும் மெல்லத் தூக்கி, திண்டை அடியில் செருகினார். "கீறல் விழுந்துட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது" என்று தமக்குள் சொல்லிக்கொண்டே, தூசி படாமல் வெள்ளைத் துணியால் போர்த்தினார்.

மேலே மைத்துனன் திரும்பிப் பார்க்காமல் முறுக்கிக்கொண்டிருந்தான். தராசு வாசலில் நின்று ஒற்றைக் கையால் பொத்தானோடு மல்லுக்கட்டினார். அவருக்குப் பின்னால், மனைவி போட்ட தையல் வெளியே தெரிய, இறக்கை அந்தத் துண்டின்மேல் தலைவைத்துப் படுத்திருந்தது.